பட்டியலில் இல்லாத வீடுகளுக்கு மளிகை சேர்த்த அனுபவம்

கொரோனா காலத்தில் "வெளியே வரவே வராதீர்கள்" என்று யாரிடம் அதிகம் வலியுறுத்தினோமோ, அவர்கள் வீட்டுக்குத்தான் மளிகை கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. முதியோர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், பார்வையற்றவர்கள், சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் என எல்லாரும் இதில் அடக்கம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் பல நாடுகளில் ஆன்லைன் மளிகைக்கான டெலிவரி ஸ்லாட்கள், அதாவது சாமான் வீட்டுக்கு வர முன்பதிவு செய்யும் நேரங்கள், திறந்த வேகத்தில் நிரம்பிப் போயின. வேகமான இணையமும், நல்ல போனும், நடுராத்திரி வரை விழித்திருக்கும் தெம்பும் உள்ளவர்கள் கையில் அவை சிக்கின.

அந்தக் காலம் முழுவதும், அக்கம்பக்கத்தினர் சேர்ந்து அமைத்த ஒரு சிறிய தன்னார்வக் குழுவில் இருந்தேன். வண்டி ஓட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் வேறு. என் வேலை பெரும்பாலும் போனில்: யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது, கடையில் சொல்வது, போய்ச் சேர்ந்ததா என்று மறுபடி கூப்பிட்டு விசாரிப்பது. அந்தப் போன் பேச்சுகளில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இன்னொரு தொற்றோ, வெள்ளமோ, வெயில் அலையோ வந்தால் இதே கேள்விகள் அப்படியே திரும்பி வரும்.

"முதலில் வருபவருக்கு முதலில்" என்ற விதியிலிருந்து தொடங்குகிறேன். கேட்பதற்கு இதைவிட நடுநிலையான விதி இல்லை. ஆனால் இந்த விதியில் நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே கோட்டில் நிறுத்தப்பட்டு ஓடவிடப்படுகிறார்கள். 2020இல் காலி ஸ்லாட் வந்த நொடியில் சத்தமெழுப்பிச் சொல்லும் சிறு கணினி நிரல்களைக்கூட சிலர் எழுதிப் பயன்படுத்தினார்கள். தங்கள் குடும்பத்துக்காகச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓட்டத்தில் இணையமே இல்லாதவர் எங்கே நிற்பார்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, 2021இல்கூட உலக மக்களில் 37 சதவீதம் பேர், அதாவது சுமார் 290 கோடிப் பேர், இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள்.

இணையம் இருந்தவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. பார்வை மிகக் குறைந்த ஒரு அம்மா, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் போனைப் பயன்படுத்துவார். "ஒவ்வொரு சாமானா கேட்டுக் கேட்டுக் கூடையில போட்டு முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு அது என்னை வெளியே அனுப்பிடுதுப்பா" என்றார். மறுபடி நுழைந்தால் ஸ்லாட் போயிருக்கும். இத்தனைக்கும் இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2008 முதலே இதைப் பற்றிப் பேசுகின்றன: நேர வரம்பு வைத்தால், தவிர்க்க முடியாத சில சூழல்களைத் தவிர, அதை நிறுத்தவோ நீட்டிக்கவோ பயனருக்கு வழி தர வேண்டும். படங்களைக் காட்டி "இதில் எதில் சாலை விளக்கு இருக்கிறது" என்று கேட்கும் சோதனைக்கும் மாற்று வழி வேண்டும் என்று அதே நெறிகள் சொல்கின்றன. பெருந்தொற்று வந்துதான் இந்தக் குறை முளைத்தது என்றில்லை. முன்பெல்லாம் அவர் கடைக்கு நடந்தே போய்விடுவார் என்பதால் அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, ஓட்டப்பந்தயம் வேண்டாம், பலவீனமானவர்களுக்கு முன்னுரிமைப் பட்டியல் போடலாம் என்பது அடுத்த யோசனை. பல இடங்களில் செய்தார்கள். இதில் விரிவாகப் பதிவான உதாரணம் இங்கிலாந்து. தொற்று வந்தால் உயிருக்கு அதிக ஆபத்துள்ளவர்களை மருத்துவப் பதிவுகளை வைத்து அடையாளம் கண்டு, 2020 மார்ச் கடைசியிலிருந்து கடிதம் அனுப்பினார்கள். பதிவுசெய்தவர்களுக்கு அரசே இலவச உணவுப் பெட்டி அனுப்பியது. சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு அவர்கள் விவரம் பகிரப்பட்டு, டெலிவரியில் முன்னுரிமை தரப்பட்டது. அவ்வளவு குறுகிய காலத்தில் அதைக் கட்டியெழுப்பியது பெரிய வேலை, அதை மதிக்கிறேன். ஆனால் ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் இருந்த அந்தப் பட்டியல் மே மாதத்தில் 22 லட்சமாக வளர்ந்தது. பின்னால் வந்து சேர்ந்த அத்தனை பேரும் நெருக்கடி உச்சத்தில் இருந்த முதல் வாரங்களில் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள். அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. உதவி வேண்டுமா என்று கேட்க அழைத்தபோது சுமார் 8 லட்சம் பேரைப் பிடிக்கவே முடியவில்லை. அதில் ஏறத்தாழ 3,75,000 பேருடைய தொலைபேசி எண் மருத்துவப் பதிவில் இல்லை, அல்லது தவறாக இருந்தது.

ஒரு போன் எண். அது இல்லாததால் உதவி போய்ச் சேரவில்லை.

அங்கே பார்வையற்றவர்கள் சந்தித்த பிரச்சினை என்னை அதிகம் யோசிக்கவைத்தது. பார்வை இழப்பு தொற்றின் அபாயத்தைக் கூட்டும் நோய் அல்ல, அதனால் அது மருத்துவப் பட்டியலில் சேராது. எனவே முன்னுரிமை ஸ்லாட்டும் இல்லை. ஆனால் கடைக்குப் போனால், தரையில் ஒட்டிய இடைவெளிக் கோடு அவர்களுக்குத் தெரியாது. கை பிடித்துக் கூட்டிப்போக யாரும் அருகே வரக்கூடாது. வழிகாட்டி நாய்களுக்கு மனிதர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கப் பயிற்சி தரப்படவில்லை. பொருளைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களை "தொடாதீர்கள்" என்றார்கள். பார்வையற்றோர் அமைப்புகள் குரல் எழுப்பியது இதற்காகத்தான்.

"தொற்று வந்தால் யாருக்கு ஆபத்து?" என்பது ஒரு கேள்வி. "யாருக்குச் சாப்பாட்டுச் சாமான் கிடைக்காமல் போகும்?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் தயாரித்த பட்டியலை இரண்டாவது கேள்விக்கு அப்படியே எடுத்து வைத்ததுதான், பல இடங்களில் நடந்த அநியாயத்துக்கு அடிப்படை என்று நினைக்கிறேன். கடுமையான நோய் இருந்தும் கூடவே இரண்டு மகன்கள் இருக்கும் ஒருவருக்கு ஸ்லாட் கிடைத்துவிடும். எந்த நோயும் இல்லாமல், மறதி நோயுள்ள கணவரை ஒரு நிமிடமும் தனியே விட முடியாத மனைவிக்குக் கிடைக்காது. கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய், மாடிப்படி இறங்க முடியாதவர், கூட்டத்தில் நின்றாலே பதற்றத்தில் மூச்சுத் திணறுபவர் இவர்களுக்கெல்லாம் எந்தப் பட்டியலில் இடம்?

அதனால் எங்கள் குழு நோயின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டது. நாங்கள் கேட்டது வேறு. வழக்கமாக உங்களுக்குச் சாமான் வாங்கித் தருபவர் யார்? அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்து யார்? இப்போது வீட்டில் இருப்பது எத்தனை நாளைக்கு வரும்? போனில் நீங்களாகவே ஆர்டர் போட முடியுமா? வாசலில் வைத்தால் உள்ளே தூக்கிக்கொள்ள முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு யாரும் கூச்சப்படாமல் பதில் சொன்னார்கள். யாருக்கு முதலில் போக வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தப் பதில்களிலேயே தெளிந்துவிடும். இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது, வேறு ஆளே இல்லை என்றால் அவர் முதலில். வயது என்ன, நோய் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

மருத்துவச் சான்று கேட்கவில்லை. இதில் குழுவுக்குள் நிறைய விவாதம் நடந்தது, தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். சான்று வாங்க மருத்துவமனைக்குப் போ என்று, வெளியே போகவே கூடாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது? தேவையில்லாமல் ஒருவர் பெற்றுக்கொள்வதைவிட, தேவைப்படும் ஒருவர் சான்று இல்லாமல் பட்டினி கிடப்பது பன்மடங்கு மோசம். என் நிலைப்பாடு அன்றும் அதுதான், இன்றும் அதுதான். நடைமுறையில், தேவை தீர்ந்தவர்கள் பலர் தாங்களே கூப்பிட்டு "இனிமே எனக்கு வேணாம், வேற யாருக்காவது கொடுங்க" என்றார்கள்.

எங்களை அதிகம் சோதித்தவர்கள் போனே செய்யாதவர்கள்தான். தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூப்பிட்டபோது, "எனக்கென்னப்பா குறை? என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க, அவங்களைப் பாருங்க" என்றார். அப்படிச் சொல்பவரிடம் "நீங்கள் பலவீனமானவர், உங்களுக்கு உதவி தேவை" என்று வாதாடினால் கதவு மூடிவிடும். எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்கா வேறு மாதிரிப் பேசினார். "ஐயா, உங்க தெருவுக்கு வண்டி எப்படியும் வருது. உங்க வீட்டுக்கு ஒரு பை சேர்த்து வச்சா எங்களுக்கு ஒண்ணும் பாரம் இல்லை. என்ன எழுதிக்கட்டும்?" சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அதன் பிறகு நாங்கள் எல்லாரும் அந்த அக்காவின் பாணிக்கே மாறிவிட்டோம். 'உதவி', 'நலிந்தோர்' போன்ற சொற்கள் எங்கள் போன் பேச்சில் வராமல் பார்த்துக்கொண்டோம்.

போன் செய்யாதவர்களைக் கண்டுபிடிக்க எந்தத் தரவுத்தளமும் உதவவில்லை. மருந்துக்கடைக்காரர், தபால்காரர், கட்டடக் காவலாளி, வீட்டுவேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் போன்றோர் உதவினார்கள். யார் தனியாக இருக்கிறார், யார் வீட்டுக்கு இப்போதெல்லாம் ஆளே வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறிப்பாக வீட்டுவேலைக்கு வருபவர்கள் நின்றுபோன மறுநாளே பல முதியவர்களின் வீட்டில் சாமான் வரத்து நின்றுபோனது என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

போன் வழியை நடத்துவதற்கும் ஒரு முறை தேவைப்பட்டது. ஒருவருக்கு எப்போதும் ஒரே ஆள்தான் பேச வேண்டும். குரல் பழகினால்தான் "கொஞ்சம் தலை சுத்துது" என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். கூப்பிடும் நாளும் நேரமும் மாறக்கூடாது. எழுதிக்கொண்டதைக் கடைசியில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். காது மந்தமானவர்களுக்குப் போன் ஒத்துவராது. அவர்களுக்குக் குறுஞ்செய்தி, அதுவும் முடியாவிட்டால் வாசலில் சீட்டு. அந்தக் காலத்தில் உதவி செய்கிறோம் என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் கிளம்பியிருந்ததால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளச் சொல் கொடுத்தோம். வாசலில் நிற்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால் மட்டும் கதவைத் திறங்கள் என்று சொல்லிவைத்தோம். பயந்துகொண்டிருந்த பலருக்கு இது பெரிய நிம்மதி.

பணம் கொடுப்பதில் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகச் சிக்கல் இருந்தது. தொற்று பயத்தில் ரொக்கம் வேண்டாம் என்றார்கள். ஆன்லைனில் கட்டலாம் என்றால், ஓடிபி தொலைதூரத்தில் இருக்கும் மகனுடைய போனுக்குப் போகும். மகன் தூங்கும் நேரமாக இருக்கும். தவிப்பில் சிலர் கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் எங்களிடமே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எக்காரணம் கொண்டும் அதைக் கேட்கவோ எழுதிக்கொள்ளவோ கூடாது என்பது எங்கள் குழுவின் மாற்றமில்லாத விதி. கடையில் குழுவின் பெயரில் கணக்கு வைத்தோம். சாமானோடு பில் போகும், பில்லின் நகல் எங்களிடம் இருக்கும். வாரக் கடைசியில் வசதிப்படி உறையில் போட்டோ உறவினர் மூலமோ கட்டுவார்கள். கட்ட முடியாதவர்கள் பற்றி கடைக்காரரிடம் தனியே பேசி, நன்கொடையில் சரிசெய்தோம். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது கொண்டுபோய்க் கொடுப்பவருக்குத் தெரியாது. அது முக்கியம்.

அரசு உதவியில் வாங்குபவர்களுக்கு இதே சிக்கல் இன்னும் பெரிய அளவில் இருந்தது. அமெரிக்காவில் உணவு மானிய அட்டையை ஆன்லைன் கடையில் பயன்படுத்தும் முன்னோட்டத் திட்டம் 2019 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில்தான் தொடங்கியது. பெருந்தொற்று வந்தபோது சில மாநிலங்களில் மட்டுமே அது இருந்தது. நெருக்கடியில் வேகமாக விரிவாக்கி, 2020 முடிவதற்குள் பெரும்பாலான மாநிலங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த மானியத்தில் டெலிவரிக் கட்டணம் கட்ட முடியாது. சாமானுக்குக் காசு உண்டு, அதைக் கொண்டுவருவதற்குக் காசு இல்லை. வெளியே போக முடியாத ஏழைக்கு அது பாதி வழி வரைதான் வரும் உதவி.

குறைந்தபட்ச ஆர்டர் தொகையும் அப்படித்தான். தனியாள் ஒருவரின் வாரத் தேவை அந்தத் தொகையைத் தொடாது. அதற்காகத் தேவையில்லாததை வாங்க வேண்டும், அல்லது ஆர்டரே போட முடியாது. 2022 ஏப்ரலில் ஷாங்காய் நகரம் முழுவதும் அடைக்கப்பட்டபோது குடியிருப்புவாசிகள் ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கினார்கள். ஒவ்வொரு வளாகத்திலும் ஒருவர் பொறுப்பெடுத்து ஆர்டர்களைத் திரட்டினார். அங்கேயும் அந்தக் குழு அரட்டைகளில் இல்லாத, போன் பழக்கமில்லாத முதியவர்கள், பக்கத்து வீட்டார் நினைவில் வைத்துச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு என்ற நிலை. நாங்களும் ஒரே தெருவில் இருக்கும் நாலைந்து வீடுகளின் தேவையைச் சேர்த்து ஒரே ஆர்டராக்கினோம். செய்வது எளிது, இன்றைக்கே யாரும் தொடங்கலாம்.

ஆனால் சேர்த்து வாங்கப் போனால், "ஒருவருக்கு இவ்வளவுதான்" என்ற கட்டுப்பாடு குறுக்கே வரும். பதுக்கலைத் தடுக்க அது தேவைதான். பல வீடுகளுக்காக வாங்குபவரையும் அது பதுக்குபவராக நினைத்து நிறுத்திவிடும். கடை மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, எந்தெந்த வீடுகளுக்கு என்று பட்டியல் காட்டி, ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொண்டோம். பில் போடுபவரிடம் அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

பொருள் மாற்றம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கேட்டது இல்லையென்றால் கடைக்காரர் அதற்கு இணையானதை வைத்துவிடுவார். பெரும்பாலோருக்கு அது நல்லதுதான். சிறுநீரகம் பழுதான ஒருவர் சாதாரண உப்பு கேட்டு, அது இல்லாமல், 'சோடியம் குறைந்த உப்பு' வந்துவிட்டது என்று வையுங்கள். பார்ப்பவருக்கு அது இன்னும் ஆரோக்கியமான பொருளாகத் தெரியும். ஆனால் அத்தகைய உப்புகளில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடலில் பொட்டாசியம் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் எல்லாருக்கும் இதே போன்ற ஆபத்துகள் உண்டு. இங்கிலாந்தின் உணவுப் பெட்டி மீது எழுந்த புகார்களில் ஒன்றும் இதுதான்: எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பெட்டி. எங்கள் சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் 'மாற்றலாம்', 'மாற்றவே கூடாது, இல்லையென்றால் விட்டுவிடவும்' என்று இரண்டில் ஒன்றை எழுதினோம். காரணம் எழுதவில்லை. அவருடைய நோய் கடைக்காரருக்குத் தெரியத் தேவையில்லை.

அப்புறம் வாசல். டெலிவரி செய்தாகிவிட்டது என்று செயலி சொல்லும். பை கட்டட நுழைவாயிலில் இருக்கும். நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், மூட்டுவலியோடு இருப்பவருக்கு அது டெலிவரி ஆகாத பைதான். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம். அந்த நேரத்தில் ஸ்லாட் கிடைத்தால் வாசலில் எடுக்க ஆள் இருக்காது. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சொகுசு இல்லை என்பதை அவர்களிடம்தான் கற்றேன்.

தொடாமல் கொடுப்பது என்றால் வைத்துவிட்டு ஓடுவது இல்லை. மணி அடித்து, பின்னால் தள்ளி நின்று, கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். நடக்கச் சிரமப்படுபவர் வாசலுக்கு வர நேரமாகும். பார்வையற்றவர் வீட்டில் "அம்மா, கதவுக்கு வலது பக்கம் சுவரோரம் வச்சிருக்கேன், மூணு பை" என்று குரல் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தரையில் வைத்தால் எட்டாது, ஒரு முக்காலியை வெளியே போட்டுவைக்கச் சொல்லி அதன் மேல் வைக்க வேண்டும். ஒரே பெரிய மூட்டையைவிட நாலு சின்னப் பை மேல். எந்தப் பையில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியது இருக்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். இதற்கெல்லாம் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். மணிக்கு இத்தனை டெலிவரி என்ற இலக்கோடு ஓடும் ஊழியரிடம் அந்த நிமிடங்கள் இல்லை. அவரும் யாரோ ஒரு முதியவரின் பிள்ளைதான், தொற்றுக்கு நடுவே ஊரெல்லாம் சுற்றியவர். மாடி ஏறவில்லை என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியது நிறுவனம். எங்கள் பகுதியில், நுழைவாயிலிலிருந்து வீட்டுக் கதவு வரையிலான தூரத்தைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டோம்.

முதியோருக்கென்று காலையில் தனி நேரம் ஒதுக்கும் ஏற்பாட்டை 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் கடைகள் தொடங்கின. நடமாட முடிந்தவர்களுக்கு அது உதவியது. வெளியே வரவே கூடாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. டெலிவரிக்கு அதை மாற்றாகக் கருத முடியாது.

ஏற்கெனவே இருந்த ஒற்றுமையைப் பயன்படுத்தியவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். நியூசிலாந்தில் 2010 கான்டர்பரி நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான மாணவர் தன்னார்வப் படை, பத்தாண்டு கழித்துப் பெருந்தொற்றில் முதியோருக்கு மளிகை சேர்க்கும் சேவையைத் தொடங்கியது. ஆட்களைத் திரட்டவும் வேலையைப் பிரிக்கவும் தெரிந்த ஒரு குழு முன்பே இருந்ததால், அவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

முடிப்பது எப்படி என்று யாரும் முன்பே யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் 2020 ஆகஸ்ட் 1 அன்று வீட்டிலேயே இருக்கும்படியான அறிவுரை நிறுத்திவைக்கப்பட்டது, இலவசப் பெட்டிகளும் நின்றன. தொற்று நின்றுவிடவில்லை. எங்கள் பகுதியிலும் கட்டுப்பாடு தளர்ந்ததும் தன்னார்வலர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அன்றைக்கும் கூட்டமுள்ள கடை பாதுகாப்பானது அல்ல. அதனால் ஒரு தன்னார்வலர் விலகும் முன், தான் பேசிவந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து ஒருமுறை போனில் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 2021இல் அடுத்த அலை வந்தபோது அந்தத் தொடர்புகள் அறுபடாமல் இருந்தன.

கடைகளிடமும் உள்ளாட்சிகளிடமும் கேட்க வேண்டியது என்ன என்று யாராவது என்னிடம் விசாரித்தால், முதலில் நிரந்தர ஸ்லாட்டைச் சொல்வேன். வாரந்தோறும் இதே கிழமை, இதே நேரம், ரத்து செய்யும் வரை உங்களுடையது. வாராவாரம் போராட வேண்டாம் என்பதே ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பலர் குரலில் கேட்டிருக்கிறேன். மீதி ஸ்லாட்களைப் பகலில், அறிவித்த நேரத்தில் திறக்க வேண்டும். ஒரு பங்கைப் போனில் ஆர்டர் போடுபவர்களுக்கென்று தனியே வைக்க வேண்டும். சமமான தேவை உள்ளவர்கள் அதிகமாகி, இடம் குறைவாக இருந்தால் குலுக்கல் போடலாம். வேகமாக விரலை அசைப்பவருக்குக் கொடுப்பதைவிட அது நியாயம். கடைக்குப் போக வழியுள்ளவர்களிடம் டெலிவரியை விட்டுக்கொடுக்கும்படி வெளிப்படையாகக் கேட்கவும் தயங்கக் கூடாது. கேட்டால் விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும் என்பது, 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. 9ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான சேவைகளை அவர்கள் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. உலகில் சுமார் 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது ஏதோ ஒரு சிறு கூட்டத்தின் விஷயம் இல்லை.

எங்கள் பதிவேட்டை என்ன செய்வது என்பதும் பெரிய கேள்வியாக இருந்தது. யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்ற விவரமெல்லாம் தவறானவர்கள் கையில் சிக்கினால் ஆபத்து. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றவர்களின் பக்கங்களைக் கிழித்து அழித்தோம். இருக்கட்டும் என்றவர்களுக்குப் பெயர், எண், அடையாளச் சொல், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற குறிப்புகளை நீக்கினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கிறோம். எண் மாறியிருந்தால் அன்றே திருத்துகிறோம், எடுக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.